சின்னம்மாவின் கொப்பியில் "மி.தூள் 3" – மிளகா, மிளகாயா?

வாய்க்கால்கரை (கிளிநொச்சி) – சனி, இரவு 9.40

வணக்கம். இதைச் சமையல் பகுதியில் போடுவதா பழைய எழுத்துப் பகுதியில் போடுவதா என்று தெரியாமல் இங்கே போடுகிறேன். தவறென்றால் நிர்வாகிகள் நகர்த்திவிடுங்கள்.

என் சின்னம்மா 2003 இல், பாதை திறந்திருந்த சமாதான காலத்தில், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். 2011 இல்தான் திரும்பினார். அவர் வேலை செய்த வீட்டு மேடம் அமெரிக்காவில் படித்தவராம், வெள்ளிக்கிழமை என்றால் முற்றத்தில் கரி மூட்டி இறைச்சி சுடுவார்களாம். அந்தச் சோஸ் செய்வதை மேடம் வாயால் சொல்ல, சின்னம்மா ஒரு சீ.ஆர். கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். 2009 இல் எங்கள் வீட்டில் எழுத்து என்று மிஞ்சியது காணி உறுதி ஒன்றுதான். இந்தக் கொப்பி அப்போது குவைத்தில் இருந்ததால் தப்பியது.

அடுத்த வெள்ளி அவருக்கு அறுபது வயது. அவருக்கே அந்தச் சோஸைச் செய்து கோழி சுட்டுக் கொடுப்போம் என்று தம்பிமாரோடு திட்டம். கொப்பியை அலுமாரியிலிருந்து களவாக எடுத்துப் பார்த்தேன். பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்:

பாபக்கியூ சோஸ்
த.சோஸ் 2 கப்
ம.சீனி 1 கப்
வினா. அரை
உஸ்தர் 2 மே.க.
மி.தூள் 3 தே.க.
கடுகு 1
உள்ளி வெங்காயம் வதக்கி
மலசு இருந்தால்
20 நிமி. அகப்பையில் கோடு நிற்கும் வரை.
சுடும்போது கடைசியில் பூசு. முதலே பூசினால் மேடம் ஏசும்.

இவ்வளவுதான். வினா. என்றால் வினாகிரி, விளங்குகிறது. உஸ்தர் யார்? மலசு என்ன? ம.சீனி என்பது மஞ்சளும் சீனியுமா? எல்லாவற்றையும் விட முக்கியம், மி.தூள் மிளகுத்தூளா மிளகாய்த்தூளா? மூன்று தேக்கரண்டி, பிழைத்தால் கோழி முழுக்க வீண்.

சும்மா பார்க்க வந்தவன் (வவுனியா) – சனி, இரவு 9.52

சின்னம்மாவிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை.

வாய்க்கால்கரை – சனி, இரவு 9.55

கேட்டால் விசயம் தெரிந்துவிடும் அண்ணை. கொப்பியை எடுத்ததற்கும் ஏச்சு விழும்.

அடுப்படிக்காரி (முல்லைத்தீவு) – சனி, இரவு 10.20

மிளகாய்த்தூள்தான், இதில் என்ன சந்தேகம்? சிவப்புச் சோஸ், அதில் யார் மூன்று கரண்டி மிளகு போடுவார்கள். ஆனால் தம்பி, இன்னொரு வில்லங்கம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மிளகாய்த்தூள் என்று சொன்னாலே வீட்டில் வறுத்து இடித்த தூள்தானே, செத்தல் மிளகாயோடு மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்தது. தனியே மிளகாய் மட்டும் அரைத்தது என்றால் "தனி மிளகாய்த்தூள்" என்றுதான் சொல்லுவோம். ஆகவே உங்களுக்கு இரண்டு அல்ல, மூன்று மி.தூள். குவைத்துக்குப் போகும் பிள்ளைகள் பெட்டியில் முதலில் அடுக்குவது அந்தத் தூளைத்தான், உங்கள் சின்னம்மா கையிலும் இருந்திருக்கும்.

ம.சீனி மண்ணிறச் சீனி. மஞ்சளைப் போட்டுவிடாதீர்கள்.

அரைக் கப், இரண்டு கப் என்கிறாரே, எந்தக் கப்? என்னிடம் மூன்று அளவில் கப் இருக்கிறது, கல்யாணத்துக்கு வந்தவை.

ஸ்காபரோக் குளிர் (சொந்த ஊர் மல்லாவி) – சனி, இரவு 11.05

உஸ்தர் எனக்குத் தெரியும்! ஊஸ்டர் சோஸ். ஆங்கிலத்தில் எழுதினால் நீட்டி முழக்கி வூஸ்டர்ஷயர் என்று வரும், வாசிக்கும்போது பாதியை விழுங்குவார்கள். சின்னம்மா காதால் கேட்டு எழுதியதால் கண்ணால் வாசிக்கிற எங்களை விடச் சரியாக எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் 1837 இல் விற்பனைக்கு வந்தது, லீ அன்ட் பெரின்ஸ் என்ற பெயரில். உள்ளே என்ன இருக்கிறது என்று போத்தலைத் திருப்பி வாசித்தால் சிரிப்பு வரும்: வினாகிரி, மொலாசஸ், புளி, நெத்தலி, வெங்காயம், உள்ளி. மொலாசஸைத் தவிர எங்கள் அடுப்படியில் இல்லாத சாமான் அதில் ஒன்று கூட இல்லை.

மலசுதான் அந்த மொலாசஸ். கரும்புச் சாற்றிலிருந்து சீனியைப் பிரித்த பின் மிஞ்சும் கறுத்தப் பாணி. அதற்குப் பதில் பனங்கட்டி போடுங்கள், அந்தக் கருகல் வாசம் அதிலும் உண்டு.

சோஸ் எந்த ஊர் வகை என்றும் சொல்லலாம். அமெரிக்காவில் இதற்கு ஊருக்கு ஊர் சண்டை. வட கரோலைனாவின் கிழக்குப் பக்கத்தில் தக்காளியே கிடையாது, வினாகிரியும் உறைப்பும் உப்பும்தான், தண்ணீர் போல இருக்கும். தென் கரோலைனாவில் கடுகுச் சோஸ், அங்கே குடியேறிய ஜெர்மன்காரர் வழி வந்தது என்பார்கள். அலபாமாவில் ஒரு கடை 1925 இல் தொடங்கியது வெள்ளைச் சோஸ், மயோனிஸும் வினாகிரியும். தக்காளியும் இனிப்புமாகத் தடிப்பாக இருப்பது கன்சாஸ் சிட்டி வகை, கடைப் போத்தல்களில் பெரும்பாலும் அதுதான் வரும். ஹைன்ஸ் கம்பனி 1940 இல் போத்தலில் அடைத்து நாடு முழுக்க விற்கத் தொடங்கிய பிறகு பலருக்குப் பார்பிக்யூ சோஸ் என்றாலே அந்தச் சிவப்புத்தான். மேடத்தின் சோஸும் அந்தக் குடும்பம்.

பாலைக்கட்டை (மாங்குளம்) – ஞாயிறு, காலை 6.15

நல்ல இறைச்சிக்குச் சோஸ் எதற்கு? பாலை விறகு தணலாகி வெள்ளைச் சாம்பல் போர்க்கும்வரை பொறுத்திருந்து, உப்பும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் பூசிய கோழியை வைத்தால் போதும். முதிரை, விளாத்தி எல்லாம் எரியும், பாலை மாதிரித் தணல் நிற்காது. பட்ட மரம் என்றால் மட்டும். பச்சை மரத்தில் கை வைத்தால் வன இலாகா வரும், அதற்கு முதல் நான் வருவேன்.

ஸ்காபரோக் குளிர் – ஞாயிறு, காலை 6.40

அண்ணை சொல்வது சரி. பார்பிக்யூ என்ற சொல்லே சோஸ் அல்ல. கரிபியன் தீவுகளில் இருந்த தைனோ மக்கள் இறைச்சியை வைத்து வாட்டிய மரப் பரணுக்கு ஸ்பானியர் எழுதிய பெயர் பார்பக்கோவா. அதிலிருந்து வந்தது.

ஏட்டுப்பூச்சி (வவுனியா) – ஞாயிறு, முற்பகல் 10.30

தம்பி, முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சமைக்கத் தெரியாது. தேத்தண்ணீர் வைப்பேன், அதுவும் மனைவி பக்கத்தில் நின்றால். ஆனால் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன், உங்கள் மி.தூளைப் பார்த்ததும் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் படும் இந்தப் பாட்டைப் பெரிய பெரிய அறிஞர்களும் பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பபிலோனியாவின் களிமண் பலகைகள் சில இருக்கின்றன, கிட்டத்தட்ட கி.மு. 1700 ஐச் சேர்ந்தவை. நெடுங்காலம் அவை மருந்துக் குறிப்பு என்றே பலர் நினைத்திருந்தார்கள். ழான் போத்தெரோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1980 களில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் சமையல் குறிப்பு என்பது உறுதியானது. ஒரு பலகையில் மட்டும் 25 குழம்பு. இறைச்சியை எடு, தண்ணீர் வை, கொழுப்புப் போடு, வெங்காயம், லீக்ஸ், உள்ளி இடித்துப் போடு, முடிந்தது. அளவு இல்லை. எவ்வளவு நேரம் என்பதும் இல்லை. சில பொருட்களின் பெயர் தெளிவாக எழுதியிருக்கிறது, ஆனால் அது எந்தச் செடி என்று இன்று வரை துணிய முடியவில்லை. எழுதியவனுக்குத் தெரியும், அவன் காலத்துச் சமையல்காரனுக்கும் தெரியும், அதனால் விளக்கவில்லை. உங்கள் சின்னம்மாவின் "கடுகு 1" அதே சாதிதான். ஒரு கரண்டியா ஒரு கைப்பிடியா?

இனி மிளகு, மிளகாய். பழைய தமிழில் மிளகுக்குக் "கறி" என்றும் பெயர். யவனர் பொன்னோடு வந்து கறியோடு போனார்கள் என்று அகநானூற்றில் (149) வருகிறதே, அவர்கள் கொண்டு போனது மிளகு, இறைச்சிக் குழம்பு அல்ல. (வகுப்பில் இதைச் சொன்னால் பின்வாங்கு சிரிக்கும்.) மிளகாய் அப்போது இங்கே இல்லவே இல்லை, அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492 இல் புறப்பட்டது கீழைத்தேய வாசனைப் பண்டங்களைத் தேடி. மிளகு கிடைக்கவில்லை, மிளகாய் கிடைத்தது, ஸ்பானியர் விடாமல் மிளகின் பெயரைச் சற்றே மாற்றி அதற்கு வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் மாற்றக்கூட இல்லை, இரண்டும் பெப்பர்தான். போர்த்துக்கீசர் 1505 இல் இலங்கையில் கால் வைத்தார்கள், அவர்கள் கப்பல் வழி மிளகாய் இந்தப் பக்கம் பரவியபோது நம்மவர்களும் அதையே செய்தார்கள்: மிளகு போல உறைக்கும் காய், மிளகாய். ஆகவே மேடம் "பெப்பர்" என்று சொல்லியிருந்தால், சின்னம்மா எதை எழுதினாலும் பாதி சரி, பாதி பிழை.

என் கட்சி மிளகுத்தூள். காரணம், மிளகாய் என்றால் மனிதர் "மிள.தூள்" என்று ஓர் எழுத்துக் கூட்டி எழுதுவார்.

அடுப்படிக்காரி – ஞாயிறு, மதியம் 12.10

சேர், அந்தக் கடைசிக் காரணம் தமிழ் ஆசிரியருடைய காரணம், சமைக்கிறவருடைய காரணம் அல்ல. மிள.தூள் என்று எழுதினாலும் மிளகுதானே முதலில் வருகிறது!

அளவு இல்லை அளவு இல்லை என்கிறீர்கள். ருசி பார்க்கத் தெரிந்தவருக்கு அளவு எதற்கு? என் அம்மா ஒரு கறிக்கும் அளந்தது கிடையாது. பானையைத் திறந்தால் வரும் வாசத்திலேயே உப்புக் குறைவு என்று சொல்லுவா.

ஏட்டுப்பூச்சி – ஞாயிறு, பிற்பகல் 3.45

தங்கச்சி, தோற்றேன். ஆனால் அளவு பற்றி ஒன்று சொல்ல விடுங்கள். நம்மிடம் அளவோடு எழுதும் பழக்கம் இல்லாமல் இல்லை, நிறைய இருந்தது, சமையலில்தான் இல்லை. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல்கள் இருக்கின்றன, செகராசசேகரம், பரராசசேகரம் என்று. நம் பக்கத்துப் பரியாரிமார் இவற்றையும் இவை போன்ற ஏடுகளையும் வைத்துத்தான் மருந்து கட்டினார்கள். வைத்திய ஏட்டில் பலம், கழஞ்சு, நாழி என்று அளவு பேசும். மருந்தில் பரியாரி ருசி பார்த்துச் சரி செய்ய முடியாது, பிழைத்தால் நோயாளி போய்விடுவான். ஆங்கிலத்தில் ரெசிப்பி என்கிறார்களே, அந்தச் சொல்லும் மருந்துச் சீட்டிலிருந்து வந்ததுதான், லத்தீனில் "எடுத்துக்கொள்" என்று வைத்தியர் மருந்து கலப்பவனுக்கு இடும் கட்டளை.

இன்னோர் இடம் கோயில். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள், திருவமுதுக்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெய், தயிர், மிளகு இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ருசிக்காகவா? இல்லை, பண்டாரத்தில் இருந்து நெய் எவ்வளவு போனது என்று கணக்குக் கேட்க. சமையல்காரனை நம்பாதபோது அளவு வருகிறது.

சமையல் நூலே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற அரசன் பாணருக்குச் சோறு போடும் இடத்தில், வீமன் செய்த சமையல் நூலின் நெறி தவறாமல் ஆக்கிய உணவு என்று வருகிறது, "நுண்பொருட் பனுவலின் வழாஅப் பல்வேறு அடிசில்" என்று. பனுவல் என்றால் நூல். அந்தப் பாட்டுப் பாடிய காலத்திலேயே, நூல் பார்த்துச் சமைத்தது என்பது ஒரு பெருமைப் பேச்சாக இருந்திருக்கிறது. நூல் நம் கையில் இல்லை, பெருமை மட்டும் இருக்கிறது. பாலைக்கட்டைத் தம்பிக்கும் ஒன்று: பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டு வருகிறது. சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி ஒதுக்கித் தின்றார்களாம். சோஸ் பற்றிப் பேச்சில்லை.

பாலைக்கட்டை – ஞாயிறு, பிற்பகல் 3.58

கரிகாலன் நம்ம ஆள்.

ஸ்காபரோக் குளிர் – ஞாயிறு, மாலை 6.30

சேர், நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஏபி ஃபிஷர். அமெரிக்காவின் தெற்கில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண், பிறகு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் ஊறுகாய், சோஸ் செய்து விற்றுப் பரிசெல்லாம் வாங்கியவர். 1881 இல் அவர் பெயரில் ஒரு சமையல் புத்தகம் வந்தது. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, புத்தகத்தின் முன்னுரையிலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல வேறு ஆட்கள் எழுதினார்கள். எழுதியவர்களுக்குத் தெற்கத்திச் சாப்பாடு பழக்கமில்லை, அதனால் ஜம்பலாயா என்ற சோறு புத்தகத்தில் "ஜம்பர்லி" ஆகிவிட்டது. சக்கொடாஷ் என்ற சோளமும் அவரையும் சேர்ந்த கறி "சேர்க்கிட் ஹாஷ்" ஆகிவிட்டது! சின்னம்மாவின் கதையில் இது தலைகீழ். சமைத்தவரே எழுதியிருக்கிறார், சொன்னவர்தான் மேடம். அதனால்தான் மலசும் உஸ்தரும் தவிர மற்றதெல்லாம் பக்காவாக இருக்கிறது.

இன்னொன்று, பார்பிக்யூவை அந்த நாட்டில் வளர்த்தது பெரும்பாலும் அடிமைகளாக இருந்த ஆபிரிக்கச் சமையல்காரர்கள். இரவு முழுக்கக் குழி வெட்டித் தணல் பார்த்தவர்கள் அவர்கள், பழைய புத்தகங்களில் பெயர் போட்டுக்கொண்டவர்கள் வீட்டுச் சீமாட்டிகள். கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்திய ஃபானி ஃபார்மரின் பாஸ்டன் சமையல் புத்தகம் வந்தது 1896 இல்தான். அடுப்படிக்காரி அக்கா, உங்கள் மூன்று கப்புக்கும் அந்த அம்மாதான் பதில் சொல்ல வேண்டும்.

வாய்க்கால்கரை – செவ்வாய், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாள் வேலையோடு ஓடிவிட்டது. இன்று பரீட்சித்துப் பார்த்தேன். கால் பங்கு அளவில், மூன்று சட்டியில்.

கடைத் தக்காளி சோஸ் வாங்கவில்லை. சந்தையில் இப்போது தக்காளி கூடை கூடையாகக் குவிந்து கிடக்கிறது, கண்டாவளைப் பக்கத்துக்காரர் ஒருவர் விலை சொல்லாமலே பையில் கொட்டிவிட்டார். அவித்துத் தோல் நீக்கி, அரித்து எடுத்தேன். உஸ்தருக்குப் பதில் பழப்புளிக் கரைசலும், நெத்தலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு வடித்த தண்ணீரும். சீனிக்கும் மலசுக்கும் சேர்த்துப் பனங்கட்டி.

முதல் சட்டி, மிளகுத்தூள். மன்னிக்க வேண்டும் சேர். வாயில் வைத்தவுடன் தம்பி இருமி இருமிக் கிணற்றடிக்கு ஓடினான், பின்னால் ஒரு கசப்பு நின்றது.

இரண்டாவது, தனி மிளகாய்த்தூள். நாக்கில் நெருப்பு. நாங்கள் உறைப்புத் தின்னாதவர்கள் இல்லை, ஆனால் இனிப்போடு சேர்ந்த உறைப்பு வேறு மாதிரிக் கடிக்கிறது. குவைத்து மேடத்தின் பிள்ளைகள் இதைத் தின்றிருக்க வழியே இல்லை.

மூன்றாவது, வீட்டுத் தூள். ருசி என்றால் ருசி! ஆனால் அது சோஸ் இல்லை, இனிப்பான கோழிக் குழம்பு. அம்மா பாணைத் தொட்டுத் தின்றுவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்கிறார். சட்டி காலி.

மூன்றுமே இல்லை. இனி என்ன?

அடுப்படிக்காரி – செவ்வாய், இரவு 9.30

செத்தலைப் பிளந்து விதையையும் உள்ளே ஓடும் வெள்ளை நரம்பையும் சுரண்டி எடுங்கள், உறைப்புப் பெரும்பாலும் அந்த நரம்பில்தான். பிறகு தோலை மட்டும் சுடுதண்ணீரில் ஊறவிட்டு அரையுங்கள். நிறம் வரும், வாசம் வரும், உறைப்பு அரைவாசி கூட வராது. கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

நெத்தலித் தண்ணீர் நல்ல யோசனை. ஆனால் அதை ஊற்றிய பிறகு நன்றாகக் கொதிக்க விடுங்கள், வினாகிரியைக் குறைக்காதீர்கள், மிச்சத்தைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்த போத்தலில் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே வைக்கிற சாமான் இல்லை இது.

ஸ்காபரோக் குளிர் – செவ்வாய், இரவு 10.15

மீன் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். கெச்சப் என்ற சொல்லே தெற்குச் சீனத்து மீன் சோஸின் பெயரிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள். தக்காளி அதில் நுழைந்தது பிறகு, 1812 இல் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மீஸ் என்ற வைத்தியர் தக்காளிக் கெச்சப் குறிப்பு ஒன்றை அச்சில் போட்டார். பாருங்கள் சேர், அங்கேயும் வைத்தியர்!

சும்மா பார்க்க வந்தவன் – புதன், காலை 7.05

இன்னும் சின்னம்மாவிடம் கேட்கவில்லையா?

வாய்க்கால்கரை – சனி, காலை 9.20

நேற்று நடந்தது.

கோழி பாலைத் தணலில்தான், பாலைக்கட்டை அண்ணை சொன்னபடி காய்ந்த கட்டை ஒன்று மாமா வீட்டில் இருந்தது. சோஸைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பூசினோம். ஒரு தொடையில் மட்டும் தம்பி முதலே பூசிப் பார்த்தான், பனங்கட்டி கருகி ஒட்டி, அந்தத் துண்டு நாய்க்குப் போனது. மேடம் ஏசியது சும்மா இல்லை.

சின்னம்மா ஒரு துண்டைக் கடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொப்பியை எடுத்தனீயோ?" என்றார். ஏச்சு வரும் என்று பார்த்தால் சிரிக்கிறார். அடுத்த கேள்வி: "பப்ரிக்கா போடேல்லையோ?"

மி.தூள் என்பது பப்ரிக்கா! உறைக்காத சிவப்பு மிளகாயைக் காயவைத்து அரைத்த தூள், நிறத்துக்குப் போடுவது. மேடம் வீட்டில் ஒரு பேணியில் இருக்குமாம். பிறகு ஏன் பப்ரிக்கா என்று எழுதவில்லை, உஸ்தர் என்று எழுதத் தெரிந்தவருக்கு இதை எழுதத் தெரியாதா என்று கேட்டேன். "அந்த வீட்டில வேற மிளகாய்த்தூளே இல்லை, பிறகென்ன? நான் எனக்குத்தானே எழுதினனான், நீ வாசிப்பாய் என்று எனக்குத் தெரியுமோ" என்றார். ஆகவே நாங்கள் போட்ட மூன்றும் பிழை, அடுப்படிக்காரி அக்கா சொன்ன நரம்பெடுத்த செத்தல்தான் கிட்ட வந்தது. நிறம் சரி, வாசம் முக்கால் பங்கு சரி என்று சின்னம்மா புள்ளி போட்டார்.

இன்னொன்றும் தெரிய வந்தது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. "அகப்பையில் கோடு நிற்கும் வரை" என்பதை மேடம் சொல்லவே இல்லையாம். மேடம் சொன்னது 20 நிமிடம் மட்டும். அந்த வீட்டு அடுப்பில் 20 நிமிடத்தில் பதம் வராது என்று கண்டு, சின்னம்மா அதைத் தானாகவே எழுதிக்கொண்டிருக்கிறார். அது எங்கள் அம்மம்மா பாணி காய்ச்சும்போது பார்க்கும் பதம். அகப்பையின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் இரண்டு பக்கமும் ஓடிச் சேராமல் நிற்க வேண்டும். அம்மம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவருடைய பதம் ஒன்று எழுத்தில் இருப்பது இந்தக் கொப்பியில், அதுவும் அமெரிக்கச் சோஸுக்குக் கீழே.

கேட்டவர்களுக்காக நான் போட்ட அளவு: நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ, அவித்து அரித்தது. சின்ன வெங்காயம் 150 கிராம், உள்ளி ஆறு பல், இரண்டையும் வதக்கி அரைக்க வேண்டும். பனங்கட்டி 150 கிராம், அதில் குருமணல் இருக்கும், கரைத்து வடித்தே ஊற்றுங்கள். தென்னை வினாகிரி அரைக் கப், பாதித் தேசிக்காய் அளவு புளியின் கரைசல், நெத்தலித் தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. நரம்பெடுத்த செத்தல் பன்னிரண்டு, கடுகுத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி (சேருக்காக), உப்பை ருசி பார்த்து. எல்லாம் சேர்த்து மெல்லிய நெருப்பில் வைத்தேன், எனக்கு 50 நிமிடம் எடுத்தது, உங்களுக்கு எவ்வளவு எடுக்குமோ தெரியாது, கோட்டைப் பாருங்கள். ஒரு போத்தலுக்குக் கொஞ்சம் குறைய வரும்.

பாலைக்கட்டை – சனி, காலை 9.41

பாலைத் தணல் எப்படி?

வாய்க்கால்கரை – சனி, காலை 9.44

கடைசித் துண்டு வரை நின்றது அண்ணை. சோஸ் பூசாத இரண்டு துண்டு உங்கள் முறையில் உப்பு, மஞ்சள், தேசிக்காயோடு சுட்டோம். மாமா அதைத்தான் தின்றார்.

அடுப்படிக்காரி – சனி, காலை 10.02

எல்லாம் சரி தம்பி, அந்த அரைக் கப் எந்தக் கப்?

வாய்க்கால்கரை – சனி, காலை 10.30

நான் போட்டது எங்கள் வீட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பையால். கொப்பியில் உள்ளது எது என்று சின்னம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். மேடத்தின் நீலக் கப்பாம், கைபிடி உடைந்தது. அது குவைத்தில் இருக்கிறது.